அண்ணனின் இழைப்பு மெஷினும் நான் ஊற்றச் சொன்ன எண்ணெயும்

அண்ணனார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணியார் கேட்டார். நல்லதெல்லாம் அண்ணன் பக்கமே இருக்கிறது. உறவுகளான எங்கள் பக்கத்தையும் எழுதாமல் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அண்ணன் பிறந்தது கேரி தீவுத் தோட்டத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. பள்ளியை விட்டுவிட்டு கிள்ளானில் ஒரு மரப் பட்டறையில் சேர்ந்து, தம்பி தங்கைகள் ஐந்து பேரையும் ஆளாக்கினார். நான் பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருடமாக இயந்திரம் பழுது பார்த்துப் பிழைக்கிறேன் என்றால், அதைப் படிக்க அனுப்பியவரும் அவர்தான். தமக்கென்று ஒருவரிடம் உதவி கேட்கக் கூசுவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கிள்ளான் வீட்டின் முன்புறத்தில் பலகை இழைக்கும் மெஷின் ஒன்றைப் போட்டிருந்தார். செமினியில் மகள் வாங்கிய புது வீட்டுக்குத் தம் கையாலேயே பூஜை அலமாரி செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தபோது மெஷினின் கைப்பிடி சிக்கிக்கொண்டது. அதைச் சுற்றினால்தான் மேல்பாகம் ஏறி இறங்கும். அது இல்லாமல் பலகையை வேண்டிய கனத்துக்குக் கொண்டுவர முடியாது.

எனக்குப் போன் செய்தார். "தம்பி, கைப்பிடி சுத்த மாட்டேங்குது. ஒரு நாள் வந்து பாரேன்."

"கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்கண்ணே, சரியா போயிடும் லா," என்றேன்.

நாலு நாள் கழித்து மீண்டும் அழைத்தார். "ஊத்துனேன்பா. முன்ன கொஞ்சமாச்சும் அசைஞ்சது, இப்ப அதுவும் இல்ல."

"அடுத்த வாரம் கண்டிப்பா வரேண்ணே."

ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். ஏழு வாரம் போகவில்லை. கைப்பிடியைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நாம்தான் அதற்குப் பதிலாகக் கும்பிடும் கைப் படம் மட்டும் போட்டோம். ஒருவர் "கடையில ஒரு அலமாரி வாங்கிடுங்க" என்று எழுதினார்.

கடைசியில் அண்ணன் பழைய இழைப்புளியை எடுத்துக் கையாலேயே இழைக்க உட்கார்ந்தார், அறுபத்தெட்டு வயதில். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், மலாயில் மாமா என்ற பொருளில் அண்ணன் 'பாக்சிக்' என்று அழைப்பவர், தினமும் வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு வலிக்கிறது என்று அண்ணன் சரிந்தபோது காரில் ஏற்றிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மெஷினைக் கழற்றினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மேல்பாகத்தை ஏற்றி இறக்கும் திருகுத் தூண்களின் மரைகளில் சந்தனம் அப்பியிருந்தது. வருடந்தோறும் ஆயுத பூஜைக்கு அண்ணியார் வைத்தது. அதில் மரத்தூள் படிந்து, மேலே நான் ஊற்றச் சொன்ன எண்ணெயும் சேர்ந்து களியாக இறுகிக் கிடந்தது. தூள் படியும் இடத்தில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். பார்க்காமலே சொல்லிவிட்டேன். அண்ணியார் மீது குற்றமில்லை. சந்தனம் வைத்தது பக்தி, எண்ணெய் ஊற்றச் சொன்னது என் சோம்பேறித்தனம்.

மண்ணெண்ணெயில் பழைய பல் பிரஷை நனைத்துத் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் கைப்பிடி லேசாகச் சுற்றியது. அருகில் நின்ற அண்ணன் மகள், "இப்ப யாருக்கு சித்தப்பா?" என்று கேட்டாள்.

இறுதி ஊர்வலத்துக்குத் திரளாக வந்த உற்றார் உறவினருக்கு முறைப்படி நன்றி. மாலைகளை வைக்க இடம் போதவில்லை. நான் மனதார நன்றி சொல்ல விரும்புவது பாக்சிக் ஒருவருக்குத்தான். அவருக்குத் தமிழ் படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பலகையைப் பிடிக்க வரவில்லை. நானும் வரவில்லை.