அமைதி, ஒன்பது நொடி

என் கைபேசியில் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம் ஓடும். பதினாலாவது நிமிடத்தைத் தாண்டி என்னால் நிம்மதியாகக் கேட்க முடிந்ததில்லை. தாண்டினாலும் விரல் தானாகப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது.

அப்போது நான் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு மணவாள நகரில். வாயைத் திறந்தால் 'இன்னா', 'ஊட்டாண்ட' என்றுதான் வந்து விழும் என்பதால் வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டேன். முதலாண்டில் ஒருநாள் "வந்துகினு இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் கிளம்பிய சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதனால்தான் துறையில் தகவல்தொடர்புத் திறன் பயிற்சி என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும், பத்து வாரம். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், இடையிடையே தலையாட்ட வேண்டும், பேச்சு வேறு பக்கம் போனால் மனம் நோகாமல் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குச் சுலபமான வழி 'புரியுது' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவது. மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறி வந்தது. இது மட்டும் எனக்கு அருமையாக வந்தது.

வீட்டிலும் பழகிப் பார்த்தேன். "எதச் சொன்னாலும் புரியுது புரியுதுங்கற. பாதி கேட்டுகினு இருக்கசொல்லவே எப்படிடி புரியும்?" என்றாள் அம்மா. இவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தொழிலாளர்கள் ஆபத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. களம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. எங்கள் ஊரும் அதுவும் ஒரே மாவட்டம் என்றுதான் பேர், ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய், தடம் மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். முப்பது பேரிடம் பேட்டி எடுத்தாக வேண்டும். ஆளுக்கு நாலு பக்கக் கேள்விப் படிவம், கூடவே கைபேசியில் ஒலிப்பதிவு. பதிவுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கி, என் பெயரும் எண்ணும் எழுதிய ஒரு நகலை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும்.

அவர் பதினேழாவது ஆள். இரும்புக் கம்பி செய்யும் ரோலிங் மில் ஒன்றில் வேலை. நாற்பதை எட்டாத வயது. அவர் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர், குடும்பத்தில் முதலில் ஆலைக்குள் போனது இவர்தான். மில்லுக்கு எதிரே டீக்கடை ஒன்று உண்டு. அதன் இரும்பு பெஞ்சில், சாப்பாட்டு இடைவேளையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"சத்தமா பேசும்மா. உள்ள போட்ற சத்தத்துல காது பாதி போயிட்ச்சு. அங்க நாங்க வாயால பேசறதே கெடயாது, எல்லாம் கைதான்" என்று சிரித்தார்.

படிவத்தின் ஓரத்தில் 'கைச்சாடை, சுவையான தகவல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். எழுதியதோடு சரி.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் சிரிக்கிறார், நான் தலையாட்டுகிறேன். பயிற்சி வீண் போகவில்லை என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை. பதினாலாவது நிமிடத்தில், வேலை இடத்தில் எது ரொம்ப ஆபத்து என்று கேட்டேன். படிவத்தில் ஐந்து கட்டங்கள்: சூடு, சத்தம், உருட்டும் இயந்திரம், பளுதூக்கி, மற்றவை.

"மேல க்ரேன் ஓடுது பாரு, அதுல சங்கிலி ஒண்ணு…" என்றார்.

க்ரேன் என்றதுமே நான் குனிந்து 'பளுதூக்கி'க்கு எதிரே டிக் போட்டேன். இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி, சங்கு ஊதினால் எழுந்து போய்விடுவார். அடுத்த கேள்வி எங்கே என்று பக்கத்தைப் புரட்டினேன். அவர் பேச்சு நின்றிருந்தது. நிமிர்ந்தபோது டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"புரியுதுண்ணா. அடுத்த கேள்விக்குப் போகலாமா?"

"சரிம்மா" என்றார்.

ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்க்கும்போது ஒரு சத்தத்தையும் விடக்கூடாது என்பது எங்கள் துறையில் சட்டம். இருமினால் அடைப்புக்குறிக்குள் இருமல், லாரி போனால் லாரி, யாரும் பேசாவிட்டால் எத்தனை நொடி என்று எழுத வேண்டும். அந்த இடத்தில் நான் இப்படி எழுதினேன்: (கிளாஸ் வைக்கும் சத்தம்) (அமைதி, 9 நொடி).

அந்த ஒன்பது நொடியை வைத்து ஒரு பெரிய கதையே கட்டினேன். ஆபத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது தொழிலாளி தயங்குகிறார், நிர்வாகத்தின் மேல் உள்ள பயம் அவர் வாயை அடைக்கிறது, மௌனமே இங்கே பதில் என்று துறைக் கருத்தரங்கில் திரை போட்டுக் காட்டினேன். தடுமாறாமல், எல்லோர் கண்ணையும் பார்த்து. 'பேசாததையும் கேட்டிருக்கீங்க' என்றார் என் நெறியாளர். கடைசி வரிசையும் சேர்ந்து கைதட்டியது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் போன் செய்தார்.

"காலேஜ்ல படிக்கிற பொண்ணாம்மா? எங்க ஊட்டுக்காரரு சாப்பாட்டுப் பையில உன் நம்பரு போட்ட பேப்பரு இருந்துச்சு. டீக்கடையில பேட்டி எடுத்தியாமே."

ஆமாம் அக்கா, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த குரலில், இதமாக.

"அவரு போய்ட்டாரும்மா. மூணு வாரம் ஆவுது. சங்கிலி அறுந்து கம்பிக் கட்டு அவரு மேல உழுந்துட்ச்சு. நிக்கக் கூடாத எடத்துல கவனம் இல்லாம நின்னுகினு இருந்தாருன்னு மில்லுல எழுதிட்டாங்க. இஸ்கூல்ல பசங்க சொல்லுதுங்கன்னு எம் பொண்ணு வந்து என்னயே கேக்குது, அப்பா மேலதான் தப்பான்னு. அந்தச் சங்கிலியப் பத்தி உன்னாண்ட எதனா சொன்னாரா?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். தேட என்ன இருக்கிறது? அந்த வரி எனக்கு மனப்பாடம். இரண்டு நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன். சங்கிலி ஒண்ணு. சங்கிலி ஒண்ணு என்ன? பதிவு அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. சுவரில் சிலுவை, அதற்குக் கீழே அவர் படம். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அந்த அக்கா தரையில் உட்கார்ந்து, நடுவில் வைத்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு வந்த இடத்தில் இவரும் சிரித்தார். பதினாலாவது நிமிடம் வந்தது. சங்கிலி ஒண்ணு. டொக் டொக். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டொக் டொக். மறுபடி ஒன்றுமில்லை. அப்புறம் என் குரல்.

"திருப்பிப் போடு" என்றார்.

போட்டேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அது டீ கிளாஸ் அக்கா" என்றேன்.

"கிளாஸ் இல்ல." விரல் முட்டியால் தரையில் இரண்டு முறை தட்டினார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆங், இதுக்குத்தான். உள்ள கூப்ட்டா காதுல விழாது. பக்கத்துல இருக்கற இரும்புல ரெண்டு தட்டு தட்டுவாங்க, அதிரும். இங்க பாருன்னு அர்த்தம். பாத்தப்புறம்தான் கையால விஷயத்த சொல்லுவாங்க. ஊட்லயும் அவருக்கு அதே பழக்கம்தான். சோறு வேணும்னாலும் தட்டுல ரெண்டு தட்டு." கைபேசியைக் காட்டினார். "ரெண்டு வாட்டி கூப்ட்டு இருக்காரு. கையில இன்னாமா காட்னாரு?"

படிவத்தில் அந்த ஒரு டிக் மட்டும் வாலை நீட்டிக்கொண்டு கோணலாகப் போயிருக்கும். லாரி போன அதிர்வு என்று நினைத்திருந்தேன். அவர் தட்டிய அதே இரும்பு பெஞ்சில், அவர் கைக்கு ஒரு முழ தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் பாக்கலக்கா" என்றேன். "குனிஞ்சு எழுதிகினு இருந்தேன்."

இரண்டு வருடமாகக் கஷ்டப்பட்டு மாற்றிய பேச்சு அங்கே போன இடம் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"சூப்பர்வைசராண்ட சொன்னேன், மேஸ்திரியாண்ட சொன்னேன், ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்னு இங்க வந்து பொலம்புவாரு" என்றார். "நீயும் பாக்கலியாம்மா."

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழ என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன். அவர்தான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். மௌனம், பயம் என்று நான் கட்டிய கதை முழுக்கப் போயிற்று. எழுத்துப் பெயர்ப்பிலும் (அமைதி, 9 நொடி) என்பதை அடித்துவிட்டு, 'இரண்டு தட்டு. மீண்டும் இரண்டு தட்டு. சைகையால் ஏதோ சொல்கிறார். பேட்டி எடுத்தவர் பார்க்கவில்லை' என்று எழுதினேன். கடைசி வாக்கியம் அவசியம்தானா என்று நெறியாளர் கேட்டார். அவசியம் என்றேன். இப்போதும் கேன்டீனிலோ ரயிலிலோ யாராவது எதையாவது இரண்டு முறை தட்டினால் என் தலை நிமிர்ந்துவிடுகிறது. என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அன்று கிளம்பும்போது அந்த அக்கா பதிவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். "சங்கிலின்னு சொல்லி இருக்காரு இல்ல, எம் பொண்ணு அத கேக்கட்டும். அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிதான் இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியணும்" என்றார்.

"அண்ணன் பேசின வரைக்கும் வெட்டி அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். எனக்காகத்தான் கேட்டேன்.

"வெட்டாத. அவரு தட்டறது இருக்கட்டும். சும்மா இருக்கறதும் இருக்கட்டும்" என்றார்.

முழுசாக அனுப்பினேன். அந்தச் சிறுமி அப்பாவின் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவர் சங்கிலி என்கிறார், தட்டுகிறார், மறுபடியும் தட்டுகிறார். அதன் பிறகு அந்த வீட்டில் நான் பேசுகிறேன், இதமாக, புரியுதுண்ணா என்று.