ஏணியில் ஏறிய பூங்கோதை

1979இல் டில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் பூங்கோதை டைப்பிஸ்ட்டாக இருந்தாள். கணவர் ரத்தினவேலும் அரசு ஊழியர்தான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அந்த வருஷம் அவளுடைய அலுவலகத்தில் ஓவியர் வேலை ஒன்று காலியானது. ஊர் ஊராகப் போய்ச் சுவர்களில் தடுப்பூசிப் படம் வரையும் வேலை. ஊழியர்களும் பரீட்சைக்கு வரலாம் என்றதும் பூங்கோதை பெயர் கொடுத்துவிட்டாள்.

"உனக்குப் படம் போடத் தெரியுமா?" என்றார் ரத்தினவேல்.

"தெரியாது. அடுத்த வருஷம்தானே பரீட்சை?"

பக்கத்தில் இருந்த மாலை நேர ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். அவளைவிட இளையவரான கன்னா மாஸ்டர், அவள் வரைந்த பானையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். சின்னச் சின்னக் கீறல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்திருந்தது.

"பெஹன்ஜி, கோடு போடச் சொன்னேன். ஸ்வெட்டர் பின்னியிருக்கிறீர்களே!"

வகுப்பு சிரித்தது.

"சிரிச்சு முடிச்சாச்சா? என்ன தப்புன்னு சொல்லுங்க" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள்.

"கை நடுங்குகிறது. சிலருக்கு இதெல்லாம் வராது."

மறுநாள் முதல் அவள் போகவில்லை. நிறை வாளியைத் தூக்கும்போது நடுங்காத கை, பென்சில் பிடித்தால் மட்டும் ஏன் நடுங்குகிறது என்று யோசித்தாள். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு விரல்களால் மட்டும் வரைகிறோம், அதுதான் கோளாறு என்று பட்டது. பழைய செய்தித்தாள்களைச் சுவரில் ஒட்டினாள். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக்கொண்டு, நின்றபடி, தோளிலிருந்து கை முழுவதையும் வீசினாள். இரண்டு புள்ளி வைப்பாள். காற்றிலேயே சிலமுறை கையை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு தூரிகை முனையைப் பார்க்காமல், போய்ச் சேரவேண்டிய புள்ளியைப் பார்த்தபடி ஒரே இழுப்பு. பிசகினால் பக்கத்தில் வேறு கோடு. ரப்பரை ஜன்னல் வழியே எறிந்துவிட்டாள்.

கோடுகள் தாளைத் தாண்டிச் சுவரெல்லாம் ஓடின.

"என்னடி இது, வீடா ஹோலிப் பண்டிகையா?" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம். "இந்த வயசுல எதுக்கு உனக்கு?"

"இந்த வயசுலதானேக்கா தோணிச்சு!"

குளிரில் விரல் மரத்தது, தோள் வலித்தது. விடவில்லை. கோடை வருவதற்குள் கோடுகள் சொன்ன இடத்தில் போய் நின்றன. வட்டம் வந்தது. பானை வந்தது. பக்கத்துக் கோட்லா கிராமத்தில் கட்டியிருந்த எருமைகளும் வந்தன.

பரீட்சையில் ஒரு சுராஹியை, கழுத்து நீண்ட மண்கூஜாவை, மேசைமேல் வைத்து வரையச் சொன்னார்கள். பூங்கோதை எழுந்து, தாளைக் குண்டூசியால் சுவரில் குத்தினாள்.

"உட்காருங்கள்" என்றார் கண்காணிப்பாளர்.

"நின்னாத்தான் எனக்குக் கை வரும். நிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

அப்படி ரூல் எதுவும் இல்லை. சுராஹியின் ஒரு பக்கம் கொஞ்சம் உப்பிப் போயிற்று. அப்படியே விட்டுவிட்டாள்.

முதலிடம் அவளுக்குத்தான். ஆனால் இரண்டாவதாக வந்த ஆணுக்கு வேலையைக் கொடுக்கப்போவதாகத் தெரிந்தது. நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"கிராமத்து டூர். ஏணியில் ஏறவேண்டும். பெண்பிள்ளை எப்படி ஏறுவது?" என்றார் அவர்.

வராந்தாவில் எலெக்ட்ரீஷியனின் ஏணி கிடந்தது. பூங்கோதை அதைத் தூக்கி வந்து, அவர் அறைச் சுவரிலேயே சாத்தினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உச்சிவரை ஏறினாள். ஒரு கரித்துண்டால், கை எட்டும் மட்டும் ஒரே இழுப்பில் பெரிய வளைகோடு ஒன்று போட்டாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"இறங்கு! அரசாங்கச் சுவர்!"

"ஆர்டர்ல என் பேரைப் போடறேன்னு சொல்லுங்க, இறங்கறேன்."

அவர் சொல்லவில்லை. அவளும் இறங்கவில்லை. கடைசியில், "மேலே எழுதிக் கேட்கிறேன், முதலில் இறங்கம்மா" என்றார்.

சுவரைக் கெடுத்ததற்கு மெமோ உடனே வந்தது. வேலை உத்தரவு மழைக்காலம் கழிந்து வந்தது.

முதல் டூர் ஹரியானாவில், ரோத்தக் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெரியவர் நிழலில் நாற்காலி போட்டு அவளை உட்காரச் சொல்லி, பெயிண்டர் எப்போது வருவார் என்று கேட்டார்.

"வந்தாச்சு. ஒரு வாளித் தண்ணி மட்டும் வேணும்" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை ஜீப்பிலிருந்து ஏணியை இறக்கினாள்.