மேனேஜர் மாற்றிய கறவை நேரம்

நானூறு கறவை மாடு வைத்திருந்த அந்தக் குடும்பத்தில் கடைக்குட்டிக்கு மேனேஜர் என்று பெயர். வேறு மூன்று தொழிலில் கால் வைத்து, மூன்றையும் ஒருவழி பண்ணிவிட்டு வீடு திரும்பியவருக்குப் பெரிய அண்ணன் பார்த்துக் கொடுத்த வேலை அது. மாட்டுக்குக் கிட்டே போகிற வழக்கம் அவருக்கு இல்லை. கொட்டகையை மாடி ஜன்னல் வழியாகவே நிர்வகித்தார்.

அப்பா காலத்திலிருந்து அங்கே காலை நாலு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கறவை. காலையில் மெஷின்காரரோடு கூட இருந்து கறவை மெஷினை ஓடவிடுவது மேனேஜர் பொறுப்பு. ஒரு வாரம் எழுந்தார். எட்டாம் நாள், கறவை இனி எட்டு மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டினார்.

கன்றுக்குட்டிகளைக் கவனித்துவந்த அக்கா மாடி ஏறி வந்தார்.

“எதுக்குடா நேரத்த மாத்தின?”

“மாட்டுக்குத் தூக்கம் பத்தலக்கா.”

“உங்கிட்ட வந்து சொல்லுச்சா?”

“ஆராய்ச்சி சொல்லுது.”

“எந்த ஆராய்ச்சி?”

“எல்லா ஆராய்ச்சியும்தான்.”

மாடுகள் நோட்டீஸ் படிக்கவில்லை. மறுநாள் நாலு மணிக்கெல்லாம் கறவைக்கூடத்து கேட்டை முட்டிக்கொண்டு நின்றன. மடி கனத்து, காம்பில் பால் சொட்ட, ஒன்று கத்தியதும் மற்றவையும் சேர்ந்துகொண்டன. வீட்டில் பொட்டுத் தூக்கம் இல்லை. மேனேஜர் மட்டும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கினார். காலைப் பாலை ஏற்ற ஏழு மணிக்கு வந்த லாரி வெறுமனே திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் பதினொரு மாடுகளுக்கு மடி வீங்கிவிட்டது. மாட்டு டாக்டர் காம்பைப் பீய்ச்சிப் பார்த்தார். பால் திரிதிரியாக வந்தது.

“நேரத்த மாத்தினது யாரு?”

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் மெஷின்காரரைப் பார்த்தார். மெஷின்காரருக்குப் பார்க்க வேறு ஆள் இல்லை, மாட்டைப் பார்த்தார்.

மதியம் அக்கா பெரிய அண்ணனிடம் போனார். “அவன அந்த வேலையிலேர்ந்து எடுத்துடுண்ணா.”

அண்ணன் சாப்பிட்ட கையைத் துடைத்தார். “எடுத்துட்டா நாலு மணிக்கு யாரு எழுந்திருக்கறது? நானா?”

 மறுநாள் விடியுமுன் அக்காவே கேட்டைத் திறந்துவிட்டார். அவரும் மெஷின்காரருமாகக் கறந்து முடித்து, லாரியை நிரப்பி அனுப்பினார்கள். எட்டு மணிக்கு இறங்கி வந்த மேனேஜர் காலிக் கூடத்தைப் பார்த்துவிட்டு, “நானே பழையபடி மாத்தச் சொல்லணும்னு இருந்தேன்” என்றார்.

வீக்கம் வடியப் பத்து நாள் ஆனது. ஒரு மாட்டுக்கு ஒரு காம்பு போனது போனதுதான்.

மாதக் கடைசியில் ‘கறவை நேரச் சோதனை: முழு வெற்றி’ என்று மேனேஜர் ஆறு பக்கம் எழுதினார். அண்ணன் கண்ணாடி போடாமலே கையெழுத்திட்டார். ஒத்துழைத்தவர்கள் பட்டியலில் லாரி டிரைவருக்கு அடுத்தபடியாக அக்கா இருந்தார்.

அக்கா நின்றபடியே ஆறு பக்கத்தையும் படித்து, நாலாக மடித்தார். கன்றுக்கொட்டகை மருந்து அலமாரிக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் செருகிவிட்டு, கையால் அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. பால் புட்டியை எடுத்துக்கொண்டு கன்றுகளிடம் போனார்.