லூர்து மச்சானின் கறுப்பு நூல்

எனக்குப் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகத்தான் தெரியும். காய்கறி விற்கிறவன் இதை வெளியே சொல்லிக்கொண்டு திரிய முடியுமா? ஐம்பத்திரண்டு வயது வரை வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாமல் சமாளித்துவிட்டேன். தெரிந்தவர் டெல்லியிலேயே ஒருத்தர்தான். துவாரகாவில் நம் குடியிருப்பின் லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொண்ட லூர்துசாமி. அவர் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இனி அதைக் குடியிருப்புக்காரர்களான உங்களிடம் நானே சொன்னால்தான் உண்டு.

செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. போனில் அவர் பெயர் தெரிந்ததும் நான் ஹலோகூடச் சொல்லவில்லை. "என்ன மச்சான், நாளைக்கு வாறதுக்கு இன்னைக்கே சாக்கா? ஒம்ம உடம்புல ரத்தம் ஓடுதா, சோம்பேறித்தனம் ஓடுதா வே?" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, நான் ஜெயசீலி" என்றார் அவர் மனைவி. "அவரு போயிட்டாருண்ணே. டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு." தராசில் போட எடுத்த கத்தரிக்காய் என் கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் தென்காசிப் பக்கம், அவர் திண்டுக்கல். சாதி, சாமி எதுவும் ஒன்றில்லை. ஆனாலும் பார்த்த முதல் நாளே என்னை மாப்ள என்றார். நான் மச்சான் என்றேன். ஏப்ரல் பிறந்தாலும் கழுத்து மஃப்ளரைக் கழற்றாத ஆள். நாலு திருகாணி கழற்ற ஒரு மணி நேரம் எடுப்பார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கத்தினால், "அச்சா பையா, ஜல்தி மத் கரோ" என்று, அதாவது அவசரப்படாதே அண்ணே என்று, வெளியேயிருந்து அறிவுரை சொல்வார். எண்பது வயது சர்தார்ஜியும் அவருக்குப் பையாதான். மோட்டாரிடமும் இந்தியில்தான் பேசுவார். ஏன் என்று கேட்டேன். "டெல்லியில பொறந்த மோட்டாரு மாப்ள, அதுக்குத் தமிழ் வராது. என் பிள்ளைங்களுக்கே வரல."

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எடுக்கிற முருங்கைக்காயையும் சின்ன வெங்காயத்தையும் உங்கள் வீடுகளுக்குக் கொண்டுவருகிற என் பேட்டரி வண்டியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு மழையில் அதன் கன்ட்ரோலர் போனது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து எவ்வளவு கரண்ட் போகலாம் என்று முடிவு செய்கிற அலுமினியப் பெட்டி அது. புதுசு வாங்கி வந்தேன். "சின்ன வேலைதான். மூணு தடி ஒயரு. பச்சைக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு நீலம். சேத்து வை, வர்றேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்க்கப் போனார். நான் சேர்த்து வைத்தேன். வந்து சாவியைத் திருப்பினார். சக்கரம் சுற்றவில்லை. கரையில் போட்ட மீன் மாதிரி துடித்தது.

அவர் ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாப்ள, அந்த மஞ்சளை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்துவிட்டு வேறொன்றைத் தானே எடுத்தார். "டெல்லி வெயிலுக்குச் சாயம் போயிருக்கும் மச்சான்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கறுப்பு நூல்கண்டோடு வந்தார். மோட்டாரிலிருந்து வரும் ஒயர்களில் ஒன்றில் நூலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. பெட்டியிலிருந்து வரும் ஒயர்களிலும் அதே மாதிரி. "தாலி கட்டுத மாதிரில்லா கட்டுதீரு" என்றேன். "எனக்கு வயசாகுதுல்ல மாப்ள, கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. இப்படி இருந்தா கண்ணை மூடிக்கிட்டே தடவிச் சேத்துரலாம்" என்றார். மொட்டை மாடியில் நின்று கீழே போகிற பஸ்ஸின் நம்பர் படிக்கிற கண் அது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

ஆனால் ஒருநாள் பி பிளாக் மாமி ஊறுகாய்க்கு மஞ்சளாகப் பழுத்த எலுமிச்சை கேட்டிருந்தார். நான் கொண்டுபோய்க் கொட்டியது அத்தனையும் பச்சைக் காய். "கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?" என்று மாமி லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். லிஃப்டுக்கு மேலே இருட்டிலிருந்து குரல் வந்தது. "மாமி, அது என் பை. நான்தான் காயா கேட்டிருந்தேன், மாறிப்போச்சு." இறங்கி வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் முழுக்க அவர் வீட்டில் தினமும் எலுமிச்சை ஊறுகாய். மாமி, மன்னித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பைதான்.

போன மாதம் அந்தக் கன்ட்ரோலரும் போனது. இந்தத் தடவை கிடைத்தது வேறு மாதிரிப் பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்து பார்த்துவிட்டு, "இது நிறத்தை நம்பிச் சேக்குற பெட்டி இல்ல மாப்ள. மாத்தி மாத்திப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும், ஆறு விதம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றேன். நீ தொடாத" என்றார். நான் தொடவில்லை. ஞாயிறு வந்தது. நாங்கள் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

வண்டி மூன்று வாரம் திறந்த வயிற்றோடு கிடந்தது. நான் பைகளைத் தோளில் சுமந்து நடந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடு என்று எல்லாரும் சொன்னீர்கள். கூப்பிட்டால் அவன் முதலில் அந்தப் பழைய நூலை வெட்டி எறிவான். அதனால் கூப்பிடவில்லை.

ஒருநாள் ஜெயசீலி வந்தார். "அண்ணே, அவரு ஒரு வேலையையும் பாதியில விட்டதில்ல. இதையும் அப்படி விட்டுட்டுப் போனதா இருக்க வேணாம்" என்றார். கையில் அந்த நூல்கண்டு. "அவரு போன அன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் நூலு எங்க, நூலு எங்கன்னு தேடுனாரு. எதுக்குன்னு கேட்டேன். சட்டைப் பட்டன்னாரு. நான் அப்புறம் எல்லாச் சட்டையும் எடுத்துப் பாத்துட்டேன். ஒரு பட்டனும் விழுகலண்ணே. எதுக்கு நூலு?"

கட்டின மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், உங்களுக்குத் தெரியும். அன்று கேலி ஒன்றும் வரவில்லை. "எனக்குத்தான் தங்கச்சி. எனக்குப் பச்சை தெரியாது" என்றேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். ஜெயசீலி நூலை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப அந்த எலுமிச்சங்கா?" என்றார். ஆமாம் என்றேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரிக்க முடியவில்லை.

மறுநாள் நானே உட்கார்ந்தேன். புதுப் பெட்டியின் மூன்று தடி ஒயர்களிலும் நூலைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுப் போட்டேன். சக்கரம் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குச் சொல்கிற மெல்லிய ஒயர்கள் ஒரே பிளக்கில் வந்துவிட்டதால் அவற்றைத் தொடவில்லை. இந்த வேலைக்கு அவர் சொல்கிற விதி மூன்றுதான். "சக்கரத்தைத் தூக்கி நிறுத்தாம சாவியைத் தொடாத." வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். "ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான்." ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றி, இரண்டு ஒயரை மட்டும் இடம் மாற்றி, மறுபடி மாட்டினேன். முதல் விதத்தில் மீன் துடித்தது. இரண்டாவதில் உறுமியது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. நாலாவதில் மறுபடி மீன். அவர் பேசுகிற மாதிரி, "ஜல்தி மத் கரோ" என்று மோட்டாரிடம் சொன்னேன். ஐந்தாவதில் சக்கரம் சுற்றியது. சத்தமே இல்லை, காற்று போகிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டேன். பக்கத்தில் மஃப்ளரோடு ஒருத்தர் நிற்கிறார் என்றே தோன்றியது. திரும்பிப் பார்த்தால் இல்லாமல் போய்விடுவார் என்று திரும்பாமல் இருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த நூல்கண்டுதான். சட்டைப் பையில்தான் இருக்கிறது. இன்னும் நிறைய நூல் இருக்கிறது. யாரிடமும் காட்டிக்கொடுக்காமல் ஒருத்தனுடைய குறையைச் சுற்றி முடிச்சுப் போட எனக்கு வருமா, தெரியாது. எனக்கு வாய் அடங்காது.

ஆனால் அன்று அவருடைய மூன்றாவது விதியை நான் மறந்துவிட்டேன். "சத்தம் நின்னா பாதி வேலைதான் மாப்ள. எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்குறது மீதி." நான் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஏறி உட்கார்ந்து, முறுக்கினேன். வண்டி பின்னால் போனது. பின்னால் வாசல் காவலர் ராம்ஸ்வரூப் பையா நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிபன் டப்பா மட்டும் பருப்போடு எழும்பி என் மேல் விழுந்தது. பச்சைச் சட்டையில் மஞ்சள் தால் பெரிதாகத் தெரிகிறது என்று அவர் சொன்னார். குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சட்டையோடு அப்படியே நாலு வீட்டுக்கு வெங்காயம் கொடுத்துவிட்டு வந்தேன்.