மோட்டார் ரூம் ஏரி

எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குச் சமமாக ஓர் ஏரி தொங்கிக்கொண்டிருந்தது. இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் யாரோ ஓர் ஓவியர் தீட்டிய மலை ஏரியைப் பார்த்து, கல்லூரியில் படிக்கும்போது அம்மா வாட்டர் கலரில் வரைந்தது. இருண்ட மலைகள், அவற்றைப் பாதி மறைத்த பனி, நடுவே ஒரே ஓர் ஆள் உட்கார்ந்த படகு. கல்யாணத்தின்போது அவள் கொண்டுவந்த சாமான்களில் அது ஒன்றைத்தான் வேறு யாரையும் துடைக்க விடமாட்டாள்.

நாமக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் கிணறு வற்றிவிட்டது. போர் போட்டால் புழுதிதான் பறந்தது. மரவள்ளி கருக, அப்பாவுக்குத் தூக்கம் போனது. கடைசியில், உள்ளங்கையில் தேங்காய் வைத்துத் தண்ணீர் பார்ப்பவர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் தோட்டம் முழுக்கச் சுற்றி, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, மோர் குடிக்கக் கூடத்துக்கு வந்தார். வந்தவர் கண்ணில் படம் பட்டுவிட்டது.

"ஏனுங்க, ஏரியத் தூக்கிக் கன்னி மூலையில மாட்டிப்போட்டு, பூமிக்குள்ள தண்ணியத் தேடறீங்களே! மலை இருக்கலாமுங்க. தண்ணி ஆகாதுங்க."

தென்மேற்கில் இருக்கக் கூடாத தண்ணீர் வடகிழக்கில் இருக்கலாமாம். எங்கள் தோட்டத்துக்கு வடகிழக்கில் இருந்தது மோட்டார் ரூம். அப்பா அன்றைக்கே ஏரியைக் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

குச்சி நட்ட இடத்தில் ரிக் லாரி வந்து நின்றது. தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டது. சேற்றில் குதித்தவர்களில் நானும் ஒருத்தி. தேங்காய்க்குப் போக வேண்டிய பெயரை ஏரி தட்டிக்கொண்டு போய்விட்டது. அப்பா படத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். படகில் இருந்த ஆள் குங்குமத்துக்கு அடியில் காணாமல் போனார்.

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "தண்ணிதான் வந்துருச்சுல்லங்க. படத்த ஊட்டுக்கே கொண்டாந்தரலாங்களா? அங்க ஈரம் ஏறுதுங்க."

"எடுத்து, தண்ணி போயிருச்சுன்னா என்ன பண்றது அம்மிணி?"

அப்பா அதட்டவில்லை; பயந்துபோய்த்தான் கேட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் மலை கரைந்து ஏரிக்குள் வழிந்துவிட்டது. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் அம்மா, மோட்டார் ரூமுக்கு வெளியிலேயே தூக்குப்போசியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

மரவள்ளி விளைந்ததும் அப்பா சேலத்திலிருந்து புதுப் படம் ஒன்று வாங்கிவந்தார். பழையதைவிட இரண்டு மடங்கு பெரிது. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே அருவி ஓடும், குருவி கத்தும். கூடத்தில் வடகிழக்கு மூலையாகப் பார்த்து மாட்டிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்குதுங்க" என்று அம்மா சிரித்தாள்.

அப்பாவுக்கு நிம்மதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சமையலறைக்குப் போன பிறகும் நான் ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் விளையாடிக்கொண்டிருந்தேன். பழைய ஏரியில் தண்ணீர் அசையக்கூட இல்லை. இதில் ஓடவே செய்கிறது. அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.