தாமிர அறையின் கதவு

அவளை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூண்டக்கா என்றே கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றிலும் தாமிரத் தகடு அடித்த ஓர் அறை இருந்தது. அதற்குக் கூண்டு என்று பெயர். பாதி நாள் அவள் அதற்குள்தான் இருப்பாள்.

அந்தக் கூண்டைக் கட்டியவர் பேராசிரியர். உயிருள்ள செல்லுக்குள் புரதங்கள் சும்மா கிடப்பதில்லை, முறுக்குகின்றன, மடிகின்றன, அவற்றிலுள்ள மின்னூட்டம் இங்கும் அங்கும் ஆடுகிறது, அப்படி ஆடினால் ரேடியோ அலை கிளம்பலாம் என்பது அவர் எண்ணம். கிளம்பலாம், அவ்வளவுதான். கிளம்பியதை அவர் இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டுமானால் ஊரிலுள்ள வானொலி, போன், மோட்டார் இரைச்சல் எதுவும் உள்ளே வரக்கூடாது. அதற்குத்தான் தாமிரம். கூண்டக்காவின் வேலை, கண்ணாடித் தட்டுகளில் வளரும் செல்களுக்கு இளஞ்சிவப்புச் சாற்றை ஊட்டுவது, உடம்புச் சூட்டிலேயே அவற்றை வைத்திருப்பது. ஒப்பிட்டுப் பார்க்க வாரம் ஒரு தட்டை ஃபார்மலின் ஊற்றிக் கொல்வதும் அவள்தான். உயிருள்ள தட்டையும் கொன்ற தட்டையும் கருவியின் முன் மாற்றி மாற்றி வைப்பாள். திரையில் இரண்டுக்கும் ஒரே கோடுதான் ஓடும். பேராசிரியர் பெருமூச்சு விடுவார்.

கொல்லும் நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் வீட்டில் அவளே வாரத்துக்கு இரண்டு தடவை செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் டயர் கடை வைத்திருந்தான். லாரிச் சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பி நெம்பிக் கை உலக்கையாகிவிட்டிருந்தது. சரியான சந்தேகப் பிராணி. நினைத்தபோதெல்லாம் போன் போடுவான், மூன்றாவது மணிக்குள் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அன்று மாலை கதவைச் சாத்திவிட்டுக் கை நீட்டுவான். கூண்டுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது என்பது சட்டம். வெளியே மரப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அவள் உள்ளே செல்லுக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள், வெளியே பெட்டி அடித்து அடித்து ஓயும். அதற்கு ஒரு முறை விலா எலும்பு, ஒரு முறை காதுச் சவ்வு. எதைச் சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

"தாமிர ரூமு, அதுக்குள்ள போன் எடுக்காதுன்னு எவன் காதுலடி பூ சுத்துற?"

பயத்தில் ஒருநாள் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனாள். உள்ளே டவர் கிடைக்காத போன் சும்மா இருக்குமா? தொலைந்த பிள்ளை மாதிரி இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி டவரைக் கூவிக் கூவித் தேடியது. வெளியே இருந்த திரையில் கோடு எகிறிக் குதித்தது. பேராசிரியர் ஓடிவந்தார். ஒரே பார்வை, முகம் தொங்கிவிட்டது.

"இது செல்லு இல்ல. போனு. யாரு உள்ள?"

அவள் அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னாள். பேராசிரியர் தன் செருப்பைப் பார்த்தார். அடுத்த வீட்டு அடியைப் பற்றிக் கேட்டால் நம்மில் பாதிப் பேருக்குச் செருப்புத்தான் கண்ணில் படுகிறது. ஆனால் மனிதர் நல்லவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"இவ்வளவுதானேம்மா? அவரைக் கூட்டிட்டு வாங்க. நானே செஞ்சு காட்டுறேன். கண்ணால பாத்தா நம்பித்தானே ஆகணும்?"

வாழ்நாளெல்லாம் சோதனை செய்தே பழகிய மனிதர் வேறென்ன சொல்வார்? கூண்டக்காவும் நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் சிரித்த முகமாக இருந்தாளாம்.

டயர்க்காரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பேராசிரியர் அவள் போனைக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். "போடுங்க" என்றார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். கதவைத் திறந்தார். மணி அடித்தது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தார். டயர்க்காரன் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான், மூலையெல்லாம் குனிந்து பார்த்தான். ஈ, காக்கை இல்லை. நுண்ணோக்கியும் தட்டுகளும், தட்டை எடுக்க உள்ளே வந்த பெண்டாட்டியும்தான்.

"இப்ப புரிஞ்சுதா?" என்றார் பேராசிரியர்.

"நல்லா புரிஞ்சுது சார்."

திரும்பினான். அவள் வாயில் குத்தினான். முன்பல் உடைந்து தட்டின் மேல் விழுந்தது.

"எங்கிட்ட இருந்து ஒளிஞ்சுக்கவே இப்படி ஒரு பொந்து பாத்து வச்சிருக்கியா? நான் கூப்புட்டா கேக்கவே கூடாதுன்னு?"

முடியைப் பிடித்து இழுத்துத் தலையைத் தாமிரச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. அறை தாம்பாளம் போல அதிர்ந்தது. பேராசிரியர் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார். ஒரே உதறலில் கதவுக்கு வெளியே போய் விழுந்தார், மூக்குக்கண்ணாடி நொறுங்கி நெற்றி கிழிந்தது. அந்த இடைவெளியில் அவள் தவழ்ந்து வெளியே வந்துவிட்டாள். அவன் நுண்ணோக்கியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். தட்டுகளை மிதித்தான். இளஞ்சிவப்புச் சாறு தரையெல்லாம் ஓடியது.

"இன்னைக்கு உன்னக் கொல்லாம விடமாட்டேன்டி!"

சொன்னதைச் செய்கிறவன் அவன், அவளுக்குத் தெரியும். கதவை நோக்கி வந்தவன் வழுக்கி, விழாமலிருக்க நிலைச்சட்டத்தைப் பிடித்தான். அந்தக் கை அவள் முகத்துக்கு நேராக இருந்தது. விரல் இடுக்கில் டயர்க் கறுப்பு.

அவள் கதவைச் சாத்தினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவன் மாடு போல அலறினான். கதவு துள்ளித் திறந்தது, கை அங்கேயே தொங்கியது. அவள் பின்வாங்கி, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து மறுபடி சாத்தினாள். மறுபடியும் நசுங்கிய கை உள்ளே போய்விட்டது. தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே அவன் உதைத்தான், திட்டினான், பிறகு கெஞ்சினான். தம்பிகளுக்குப் போன் போட்டுப் பார்த்திருப்பான், எங்கே போகும்? கூண்டக்கா கதவில் சாய்ந்து உட்கார்ந்து, வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினாள். பேராசிரியர் போலீசைக் கூப்பிட்டார்.

வந்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். டயர்க்காரனை வெளியே கொண்டுவந்தபோது அவன் கையைக் கை என்று சொல்ல முடியவில்லை. "அந்த விரல் இனிமே ஒட்டாது" என்று ஆம்புலன்ஸ்காரர் முணுமுணுத்துவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் கூண்டக்காவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். உடைந்த பல்லையும், வீங்கி மூடிய கண்ணையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவன் கை அங்க இருந்தது உங்களுக்குத் தெரியாது. பயத்துல கதவ மூடிட்டீங்க. அப்படித்தானேம்மா? வேற மாதிரி சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

பேராசிரியர் உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாகத் தலையாட்டினார். "ஆமா, ஆமா, தெரியாது. நான் பாத்தேன்."

கூண்டக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"தெரியும் மேடம்" என்றாள். "பாத்துட்டுதான் சாத்துனேன். ரெண்டு தடவையும்."