எதிர்வீட்டு ஏஜென்ட்

கணபதி என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் எனக்குத் தேர்தல் வேலை. விடிந்ததிலிருந்து வாக்காளர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மதியத்துக்கு மேல் எல்லா முகமும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போது தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மா வந்தார். அட்டைப் படத்தில் கொழுகொழு கன்னம், அடர்ந்த முடி. எதிரில் நின்றவரோ எலும்பும் தோலுமாக இருந்தார்.

"நாந்தானுங்க சார். வைத்தியத்துல முடியெல்லாம் போயிருச்சுங்க," என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆதார் எதாச்சும் எடுத்துட்டு வாங்கம்மா," என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜென்ட் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், எங்க எதிரூட்டுக்காரங்க. போன தேர்தல்ல எங்களுக்கு எதிரா ஊடு ஊடாப் போயி ஓட்டுக் கேட்டவங்க. எங்களுக்குப் போடவே மாட்டாங்க. ஆனா ஆளு அவங்கதானுங்க."

விரலில் மை வைத்து உள்ளே அனுப்பினோம். ஓட்டுப் போட்டுவிட்டு, அந்த ஏஜென்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த அம்மா போனார்.

ஓட்டுப் போட அட்டை வேண்டுமா வேண்டாமா என்று டிவியில் கத்துவதைக் கேட்க இப்போதெல்லாம் எனக்குத் தெம்பில்லை. அட்டை கையில் இருந்தும் நான் அந்த அம்மாவை நம்பவில்லை. அந்த ஓட்டு தன் கட்சிக்கு விழாது என்று தெரிந்தே எழுந்து நின்றார் அந்த ஏஜென்ட்.